பிள்ளைக்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளவில்லையா? தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்!

பால் என்றால் எமக்கு அமுதம். நோயாளிக்குப் பால், விருந்தாளிக்குப் பால் தேநீர், தைப்பொங்கலுக்குப் பால்பானை என்று எமது வாழ்வின் நல்லது கெட்டது எல்லாவற்றிலும் பால் இருக்கின்றது. மலைநாட்டில் நிலத்தை நம்பி வாழும் குடும்பத்திற்கு அது வருமானமும்கூட. இரண்டு மாடு கட்டியிருந்தால் காலையில் கறந்ததைச் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றிவிட்டு வரலாம். பிள்ளைகளின் கொப்பிச் செலவு அதில் போய்விடும். செழிப்பான நாட்டைப் பாலும் தேனும் ஓடும் நாடென்றே வேதாகமமும் சொல்கின்றது. அப்படிப்பட்ட பால் ஒரு பச்சைக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா?

நம்பத்தான் வேண்டும். சில பிள்ளைகளுக்குப் பசுப்பாலிலுள்ள புரதம் ஒவ்வாது. அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். பகை பசுப்பாலே தவிர, உங்கள் பால் அல்ல. இதை விளங்கிக்கொள்ளாமல் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால்மாவைக் கரைத்துக் கொடுக்கும் குடும்பங்கள், தெரியாமலே பிள்ளையைப் பகையின் கையில் ஒப்படைத்து விடுகின்றன.

ஒரு தாயின் கதை

கீழே வருவது ஒரு தனிப்பட்ட குடும்பத்தின் வரலாறு அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒன்றுசேர்த்து, ஒரு தாயின் கதையாகச் சொல்கின்றோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்தது. போஞ்சியும் கறிமிளகாயும் பயிரிட்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் தோட்டமும் மாட்டுக் கொட்டிலும் மண்ணுக்குள் போய்விட்டன. இரண்டு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் மாமியாரும் பாடசாலையொன்றில் தஞ்சம் புகுந்தார்கள். பின்னர் உறவினர் வீடொன்றில் ஓர் அறை கிடைத்தது.

பாடசாலையில் இருந்த நாட்களில் தாய்க்கு நித்திரையில்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில் மார்பைத் திறந்து பாலூட்டக் கூச்சம். பால் வற்றிவிட்டது போல அவருக்குத் தோன்றியது. நிவாரணமாக வந்த பால்மா கையில் இருந்தது. போத்தலில் கரைத்து இரண்டு மூன்று தடவை பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரத்திற்குள் பிள்ளையின் மலத்தில் சளி கண்டது. பிறகு நூல் நூலாக இரத்தம் கண்டது. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த சொறி படர்ந்தது.

ஒருவர் கிரந்தி என்றார். ஒருவர் நாவூறு என்று சொல்லித் தடை கழிக்கச் சொன்னார். மருந்தகமொன்றில் வயிற்றோட்டத்திற்குப் பாணி மருந்து கொடுத்தார்கள், இரத்தம் நிற்கவில்லை. மாமியார் நல்ல மனதோடுதான் சொன்னார்: “ஒன் பாலு சூடு புள்ள. அதான் கொழந்தைக்கு ஒத்துக்கல. நிப்பாட்டிட்டு மாப்பாலே குடு.”

அந்தத் தாய் நிறுத்தவில்லை. சிறுவர் வைத்திய நிபுணர் ஒருவரிடம் பிள்ளையைக் காட்டினார். பசுப்பால் ஒவ்வாமையாக இருக்கலாமென்றும், போத்தலை விட்டுவிடும்படியும், தாயும் பால் வகைகளைத் தவிர்க்கும்படியும், தாய்ப்பாலைத் தொடரும்படியும் அவர் சொன்னார். தாய் அன்றே பால் தேநீரை விட்டு வெறுந்தேநீருக்கு மாறினார். ஆனால் பத்து நாளாகியும் இரத்தம் முற்றாக நிற்கவில்லை. மீண்டும் அதே பேச்சு எழுந்தது: “பார்த்தியா, நாஞ் சொன்னது சரிதானே?”

புதிய இடத்தின் குடும்பநல உத்தியோகத்தர், ஊரார் மொழியில் மிட்வைப் மிஸ்ஸி, வீட்டுக்கு வந்தபோதுதான் விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. “தங்கச்சி, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன வாயில போட்டீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க” என்று அவர் கேட்டார். வெறுந்தேநீர், சோறு, பருப்பு, கீரை. அத்துடன் தேநீருக்கு நிவாரணப் பொதியில் வந்த பிஸ்கட். பின்னேரம் இரண்டு உருண்டை திரிபோஷா.

அங்கேதான் பால் இருந்தது. திரிபோஷாவில் சோளம், சோயா ஆகியவற்றோடு முழு ஆடைப் பால்மாவும் சேர்க்கப்படுகின்றது. பிஸ்கட் பைக்கற்றின் பின்புறத்தில் பால் திண்மம் என்று எழுதியிருந்தது. இரண்டையும் நிறுத்தி இரண்டு வாரத்தில் பிள்ளையின் மலம் தெளிந்தது. சொறியும் ஆறத் தொடங்கியது. மாமியாரே அயலவரிடம் விளக்கம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

இது என்ன நோய்?

எமது உடலுக்கு ஒரு காவற்படை உண்டு. கிருமிகளை அடையாளங்கண்டு எதிர்ப்பது அதன் வேலை. சில பிள்ளைகளின் காவற்படை பசுப்பாலிலுள்ள புரதத்தையே எதிரியென்று பிழையாக எண்ணிப் போர் தொடுக்கின்றது. அந்தப் போரின் காயங்களே குடலில் இரத்தமாகவும் தோலில் சொறியாகவும் தெரிகின்றன. இதுவே பசுப்பால் புரத ஒவ்வாமை.

தாய் குடிக்கும் பசுப்பாலின் புரதத்தில் மிகச் சிறிய அளவு சமிபாடடையாமல் இரத்தத்தில் கலந்து தாய்ப்பாலிலும் வந்து சேரும். பீட்டா லக்டோகுளோபுலின் என்ற புரதம் பசுப்பாலில் நிறைய உண்டு. மனிதப் பாலில் இயற்கையாக அது இல்லை. ஆனாலும் பசுப்பால் குடிக்கும் தாய்மார் சிலரின் பாலில் அது நுண்ணிய அளவில் காணப்படுகின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. ஒவ்வாமையுள்ள ஒரு சில பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் சிறிய அளவே போதுமானதாகி விடுகின்றது.

இது எத்தனை பிள்ளைகளுக்கு வருகின்றது? வெளிநாட்டு ஆய்வுகளின்படி நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கே வருகின்றது. தாய்ப்பால் இந்நோயை உண்டாக்குவதில்லை என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி.

அறிகுறிகள் இரு வகை

முதலாவது வகை உடனே வருவது. பால் உட்கொண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்திற்குள் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும், உதடும் கண்ணிமையும் வீங்கும், வாந்தி வரும். மூச்சு இழுத்தல், குரல் அடைத்தல், பிள்ளை வெளிறித் துவண்டுபோதல் ஆகியவை கண்டால் அது உயிராபத்து. வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்திற்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை பிந்தி வருவது. பல மணித்தியாலம் கழித்தோ, இரண்டு மூன்று நாள் கழித்தோ தெரியும். மலத்தில் சளியும் இரத்தமும், நீங்காத வயிற்றோட்டம், ஓயாத வாந்தி, மருந்துக்கும் ஆறாத சொறி, நிறை கூடாமை என்பன இதில் அடங்கும். பால் கொடுத்ததற்கும் நோய் கண்டதற்கும் இடையே நாட்கள் கடந்து விடுவதால், பெற்றோருக்கு இதன் காரணம் இலகுவில் பிடிபடுவதில்லை.

ஆனால் மலத்தில் இரத்தம் கண்டவுடன் “இது பால் ஒவ்வாமைதான்” என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. காய்ச்சலோடு வந்தால் வயிற்றுளைவாக இருக்கலாம். பிள்ளை விட்டுவிட்டு வீரிட்டழுது, வெளிறி, வாந்தியெடுத்து, செந்நிற ஜெலி போல மலம் கழித்தால் குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். அது அன்றே வைத்தியசாலையில் பார்க்க வேண்டிய நோய். மலவாயிலில் சிறு வெடிப்பு இருந்தாலும் இரத்தம் தெரியும். ஆகவே கைக்குழந்தையின் மலத்தில் இரத்தம் கண்டால் வைத்தியர் ஒருவர் பார்த்தே ஆகவேண்டும்.

இன்னொரு புறம், அழுகின்ற பிள்ளையெல்லாம் ஒவ்வாமைப் பிள்ளையும் அல்ல. பிறந்து முதல் மூன்று மாதங்களில் பின்னேரங்களில் நெடுநேரம் அழுவதும், பால் குடித்தபின் சிறிது கக்குவதும் சுகமான பிள்ளைகளிடமும் உண்டு. நிறை ஒழுங்காகக் கூடி, தோலும் மலமும் நன்றாக இருந்தால் தாய் வீணாகப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

தாயின் தட்டில் எதை நீக்குவது?

வைத்தியர் சொன்ன பின்னர் நீக்க வேண்டியது பசுப்பாலும் அதிலிருந்து செய்யப்படுபவையும்தான். பால், பால்மா, டின்பால், தயிர், மோர், யோகட், பட்டர், நெய், சீஸ், ஐஸ்கிறீம், சொக்கலேட், பால் டொபி ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. எருமைத் தயிரும் இதற்குள் அடங்கும்.

கண்ணுக்குத் தெரியாதவைதான் ஏமாற்றி விடுகின்றன. பிஸ்கட், பணிஸ், கேக், சில மாஜரின் வகைகள், மோல்ட் மா வகைகள், பைக்கற் சூப் ஆகியவற்றில் பால் கலந்திருக்கலாம். பைக்கற்றின் பின்புறத்தை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பாடசாலை செல்லும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். மில்க் பவுடர், மில்க் சொலிட்ஸ், வே, கேசீன், கேசினேட், பட்டர் ஓயில், கிறீம் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அதில் பால் இருக்கின்றது என்று கொள்ளுங்கள். சிங்களத்தில் ‘கிரி பிட்டி’ என்றால் பால்மா. கிரிபத் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அது தேங்காய்ப் பாலில் ஆக்கும் சோறு. தேங்காய்ப் பாலுக்கும் பசுப்பாலுக்கும் சம்பந்தமில்லை.

திரிபோஷாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1973இல் தொடங்கிய இத்திட்டம் எத்தனையோ ஏழைத் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஊட்டம் கொடுத்து வந்திருக்கின்றது. ஏனைய தாய்மார் அதை விடக்கூடாது. பால் ஒவ்வாமையுள்ள பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் மட்டுமே தவிர்க்க வேண்டும். காரணத்தை மிட்வைப் மிஸ்ஸியிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக உழுத்தங்களி, அவித்த பயறு, கடலை, குரக்கன் ரொட்டி ஆகியவற்றை வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாலை விட்டால் கல்சியம் குறையுமே என்ற கவலை நியாயமானதே. பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஒரு கோப்பை பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் உண்டு. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. முள்ளோடு தின்னும் நெத்தலி, எள்ளு, முருங்கைக் கீரை, அகத்திக் கீரை ஆகியவையும் கைகொடுக்கும். இடம்பெயர்ந்த வீட்டில் இவை எல்லாம் தினமும் கிடைக்குமா என்பதை நாம் அறிவோம். ஆகவே கல்சியம் மாத்திரை பற்றிக் கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிள்ளை பெற்ற உடம்பென்று மீனும் முட்டையும் மரக்கறியும் தடுக்கும் பத்தியம் எம்மிடையே இன்னும் இருக்கின்றது. பாலை நீக்கும் தாய் இவற்றையும் சேர்த்து நீக்கினால் அவர் உடம்பு தாங்காது. பாலை மட்டும் நீக்குங்கள். மற்றெல்லாவற்றையும் வயிறாரச் சாப்பிடுங்கள். பாலை முழுதாக நீக்கியும் குணம் தெரியாவிட்டால் வேறு எதை நிறுத்துவது என்று வைத்தியர் சொல்லட்டும்.

மீண்டும் கொடுத்துப் பார்ப்பது ஏன்?

தாய் பாலை நீக்கிய பின் சில நாட்களிலேயே மாற்றம் தெரியலாம். சிலருக்கு இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். குணம் கண்ட பின், வைத்தியரின் சொற்படி தாய் மீண்டும் பாலை உட்கொண்டு பார்க்க வேண்டும். “சுகமாகிவிட்டதே, ஏன் கிளறுவான்?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் பல பிள்ளைகள் தாமாகவே சுகமாகி விடுவதுண்டு. பால் திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தால்தான் காரணம் பால் என்பது உறுதியாகும். உறுதியில்லாமல் மாதக்கணக்கில் பாலைத் தள்ளி வைப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நட்டம்.

பிந்தி வரும் வகைக்கு இரத்தப் பரிசோதனையோ தோற் பரிசோதனையோ பெரிதாக உதவாது. நீக்கிப் பார்த்துத் திரும்பக் கொடுப்பதே வழி. உடனே வரும் கடும் வகைக்கு இந்தச் சோதனையை வீட்டில் ஒருபோதும் செய்யக்கூடாது. அது வைத்தியசாலைக்குரிய வேலை.

ஆட்டுப்பால் உதவுமா?

“பசுப்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால் கொடு” என்பது எமது ஊர்களில் கேட்கும் ஆலோசனை. அது பிழை. ஆட்டுப்பாலின் புரதமும் பசுப்பாலின் புரதமும் ஏறத்தாழ ஒன்றே. 1999இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில், பசுப்பால் ஒவ்வாமையுள்ள 26 பிள்ளைகளுக்கு வைத்தியர்களின் கண்காணிப்பில் ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். 24 பிள்ளைகளுக்கு அதுவும் ஒவ்வவில்லை. எருமைப்பாலும் அப்படித்தான். அரிசிக் கஞ்சித் தண்ணீரும் தேங்காய்ப் பாலும் ஒவ்வாமை தராவிட்டாலும், ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளையை வளர்க்கும் சத்து அவற்றில் இல்லை.

தாய் இறந்து போனதாலோ வேறு காரணத்தாலோ தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்கு, புரதத்தை நுணுக்கமாக உடைத்துச் செய்த விசேட பால்மா உண்டு. அதன் விலை அதிகம். எல்லாக் கடைகளிலும் கிடைப்பதுமில்லை. வைத்தியரின் சிட்டை இல்லாமல் அதை நாடக்கூடாது. சோயாப் பால்மாவை ஆறு மாதத்திற்கு முன் கொடுப்பது பொதுவாக விரும்பப்படுவதில்லை. இந்த விலையைக் கணக்குப் பார்த்தாலே, இலவசமாகச் சுரக்கும் தாய்ப்பாலை நிறுத்துவது எவ்வளவு பெரிய நட்டம் என்பது புரியும்.

முகாமுக்கு வரும் பால்மா

அனர்த்த காலத்தில் இரக்கமுள்ளவர்கள் முதலில் அனுப்பும் பொருட்களில் ஒன்று பால்மா. அவர்களது மனது நல்லது. ஆனால் பயன் எப்போதும் நல்லதல்ல. 2006 மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாப் பகுதியில் பூகம்பம் ஏற்பட்ட பின்னர், நன்கொடையாகப் பால்மா பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம் 25 சதவீதமளவிலும், பெறாத குழந்தைகளிடையே 12 சதவீதமளவிலும் இருந்ததாகக் கண்டார்கள். சுத்தமான நீரும் விறகும் போத்தலைக் கொதிக்க வைக்கப் பாத்திரமும் இல்லாத இடத்தில் இது நடக்கக் கூடியதே. அனர்த்த காலத்தில் குழந்தைப் பால்மாவை நன்கொடையாகக் கேட்கவோ, எல்லோருக்கும் பொதுவாகப் பகிர்ந்தளிக்கவோ கூடாதென்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் வலியுறுத்துவது இதனாலேயே.

அதிர்ச்சியும் துக்கமும் பாலை வற்றச் செய்துவிடும் என்று பலர் நம்புகின்றார்கள். கவலை, பால் இறங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம்; சுரப்பையே நிறுத்தி விடாது. பிள்ளை அடிக்கடி சப்பச் சப்பப் பால் சுரக்கும். போத்தல் இடையில் வந்தால் சப்புவது குறையும்; சப்புவது குறைந்தால் பாலும் குறையும். எமது நாடு தாய்ப்பாலூட்டலில் நற்பெயர் பெற்றது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி ஆறு மாதத்திற்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். இடம்பெயர்ந்த எமது தாய்மார் இந்தச் செல்வத்தையும் இழந்துவிடக்கூடாது. ஒரு சேலையை மறைப்பாகக் கட்டி, தாய்மாருக்கென ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பது முகாமிலுள்ள ஆண்களின் பொறுப்பு.

தடுப்பூசிக்கு முன் சொல்லுங்கள்

பசுப்பால் உட்கொண்டதும் உடனே தடிப்போ வீக்கமோ வந்த பிள்ளையின் பெற்றோர், தடுப்பூசிக்குப் போகும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கொழும்பிலுள்ள வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்தைச் சேர்ந்தோர் பங்குபற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தடுப்பூசியின் பின் ஒவ்வாமை கண்ட சில பிள்ளைகளின் இரத்தத்தில் மாட்டுப் புரதமொன்றுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தமை தெரியவந்தது. சில தடுப்பூசிகளைத் தயாரிக்கும்போது மாட்டுப் புரதம் மிகச் சிறிதளவில் சேர்வதுண்டு. பசுப்பாலிலும் அதே புரதம் இருக்கின்றது.

இதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். சின்னமுத்து நெருக்கமான முகாமில் தீப்போலப் பரவும் நோய். ஒன்பதாம் மாத ஊசிக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரியிடம் சொன்னால், தேவையானபோது வைத்தியசாலையில் வைத்து, கண்காணிப்போடு ஏற்ற ஏற்பாடு செய்வார்.

ஆறு மாதம் கடந்த பின்

ஆறு மாதம் முடிந்ததும் மற்றப் பிள்ளைகளைப் போலவே சோற்றை மசித்து ஊட்டத் தொடங்கலாம். பருப்பு, கீரை, பூசணி, நெத்தலித்தூள், முட்டை, மீன் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். கெட்டியான தேங்காய்ப் பாலும் சேர்க்கலாம். பால் சேர்ந்த பைக்கற் உணவை மட்டும் தவிர்க்க வேண்டும். தாய்ப்பாலைத் தொடருங்கள். மாதந்தோறும் நிறை பார்க்க மறவாதீர்கள்.

இந்த ஒவ்வாமை ஆயுள் முழுதும் நீடிப்பது அரிது. பெரும்பாலான பிள்ளைகள் பாடசாலை செல்லும் வயதுக்கு முன்னரே பாலைத் தாங்கிக்கொள்ளப் பழகி விடுகின்றார்கள். ஒரு வயதளவில், அல்லது பாலை நீக்கி ஆறு மாதத்தின் பின், வைத்தியர் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார். முதலில் பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டில் ஒரு துண்டு, பிறகு படிப்படியாக யோகட், கடைசியாகப் பால். நன்றாகச் சூடேறும்போது பால் புரதத்தின் வேகம் குறைவதால் இந்த ஒழுங்கு.

எங்கே போவது? எப்படிச் சொல்வது?

இடம்பெயரும்போது பழைய கிளினிக்கோடும் பழைய மிஸ்ஸியோடும் உள்ள தொடர்பு அறுந்து விடுகின்றது. புதிய இடத்திற்கு வந்தவுடன், உறவினர் வீடென்றாலும் சரி, வாடகை அறையென்றாலும் சரி, அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் உங்கள் பெயரைப் பதியுங்கள். பிள்ளையின் கிளினிக் புத்தகம் மண்ணோடு போயிருந்தால் அதையும் சொல்லிப் புதியது கேளுங்கள். “பசுப்பால் ஒவ்வாமை” என்று அதில் எழுதுவித்துக் கொள்ளுங்கள். அருகிலுள்ள வைத்தியசாலையிலிருந்து சிட்டை பெற்று, சிறுவர் வைத்திய நிபுணரைக் காணலாம். கண்டிப் பகுதியிலுள்ளோருக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கின்றது.

போகும்போது ஒரு கடதாசியில் மூன்று விடயங்களை எழுதிச் செல்லுங்கள். பிள்ளை என்ன குடித்தது, தாய் என்ன சாப்பிட்டார், எந்த நாள் எந்த நேரம் என்ன கண்டது. இரத்தம் பட்ட துணியையும் எடுத்துச் சென்று காட்டலாம்.

மொழி தெரியாததால் வாயடைத்துத் திரும்பும் தாய்மார் இன்னும் இருக்கின்றார்கள். இந்த இரண்டு சிங்கள வசனங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “பபாட்ட எளகிரி அசாத்மிகய்” என்றால், பிள்ளைக்குப் பசுப்பால் ஒவ்வாது. “பபாகே கக்காவல லே தியெனவா” என்றால், பிள்ளையின் மலத்தில் இரத்தம் இருக்கின்றது. இவ்வளவு சொன்னாலே போதும்; மிகுதியை அவர்கள் கேட்டறிவார்கள்.

நிறைவாக

வீட்டையும் காணியையும் மாட்டையும் இழந்து வந்த ஒரு தாயிடம், “உன் பாலும் கெட்டது” என்று சொல்வதைவிடக் கொடுமை வேறில்லை. அது உண்மையுமில்லை. அவரது பால் கெடவில்லை. தட்டில் ஒரு பொருளை மாற்றினால் போதும். அந்த மாற்றத்தைத் தாய் தனியே செய்ய முடியாது. தகப்பன் பைக்கற்றை வாசித்து வாங்க வேண்டும். மாமியார் குரக்கன் ரொட்டி சுட்டுக் கொடுக்க வேண்டும். அயலவர் ஆட்டுப்பாலோடு வராமல், மிஸ்ஸியின் வீட்டுக்கு வழிகாட்ட வேண்டும். நிவாரணம் சேர்க்கும் எமது பங்குகளும் சங்கங்களும் பால்மாவுக்குப் பதிலாகத் தாய்க்கு நெத்தலியும் பயறும் குரக்கனும் கொடுக்க முன்வர வேண்டும்.

தாயைப் போஷிப்போம், பிள்ளையைத் தாய் போஷிப்பாள்.